ஓடும் சர்வரில் கை வைக்கும் முன்: ஷெல் வழியாக ஹார்டுவேரை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பக்கத்துச் சிறு நிறுவனங்கள் பலவற்றின் சர்வர்கள் ஜோகன்னஸ்பர்க் அருகே ஈசாண்டோவிலோ மிட்ராண்டிலோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கின்றன. என்3 சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். லாரிகள் ஊர்ந்து ஏறும் வான் ரீனன் கணவாயைத் தாண்டிப் போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகும். ஒரு டிஸ்க்குக்காக அவ்வளவு தூரம் யாரும் கார் ஓட்டுவதில்லை. இங்கே நாம் ஷெல்லில் (கட்டளை தட்டும் சன்னலில்) தட்டுகிறோம், அங்கே ரேக் முன்னால் நிற்பவர் இழுக்கிறார். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகளும், இங்கேயே பிறந்து வளர்ந்து தமிழ் பேசுகிற பிள்ளைகளும் இந்த வேலையைப் பற்றி என்னிடம் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாம் லினக்ஸ் சர்வர்களைப் பற்றியது. கட்டளைகளைப் போனில் சொல்வது போலவே தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். வெட்டி ஒட்ட இங்கே எதுவும் கிடைக்காது, அது வேண்டுமென்றேதான். இந்த வேலையில் ஒவ்வொரு எழுத்தையும் தட்டும்போது அது எதைத் தொடப்போகிறது என்று தெரிந்தே தட்ட வேண்டும்.

"மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஹார்டுவேரை மாத்தலாமா? நிஜமாவா?"

சிலவற்றை மாற்றலாம், எல்லாவற்றையும் அல்ல. ஹார்டுவேர், அதற்குள்ளேயே இருக்கும் ஃபர்ம்வேர், லினக்ஸின் மையமான கெர்னல் மூன்றும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். முன்பக்கத் தட்டுகளில் செருகியிருக்கும் டிஸ்க்குகள், இரட்டையாக இருக்கும் பவர் சப்ளைகள், பல ரேக் சர்வர்களின் ஃபேன்கள் எல்லாம் ஓட்டத்திலேயே மாற்றுவதற்கென்று செய்யப்பட்டவை. உள்ளே இருக்கும் பிசிஐ கார்டு அப்படி இல்லை. ஸ்லாட்டுக்கே ஹாட்பிளக் வசதி இருந்தால்தான் அதை எடுக்கலாம். சாதாரண இரண்டு சாக்கெட் சர்வரில் ரேம் குச்சியையும் பிராசஸரையும் மின்சாரம் இருக்கும்போது தொடவே கூடாது.

இரண்டு செயல்களைப் பிரித்துப் பாருங்கள். கெர்னலின் கணக்கிலிருந்து ஒரு சாதனத்தை எடுப்பது ஒன்று. அதைக் கையால் பிடுங்குவது இன்னொன்று. முதலாவதைச் சிபியூவுக்கும் மெமரிக்கும் கூடச் செய்யலாம். ஆனால் முதலாவது முடிந்ததால் இரண்டாவதற்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. கீழே வரும் பதில்கள் பலவும் இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கின்றன.

"ஸ்லாஷ் சிஸ்-க்குள்ள இருக்கிற ஃபைல் எல்லாம் என்ன? திறந்து பார்த்தா ஒரு வரிதான் இருக்கு."

அவை டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்கள் அல்ல. 2003 டிசம்பரில் வந்த கெர்னல் 2.6 முதல், ஒவ்வொரு சாதனத்தையும் அதன் நிலையையும் கெர்னல் இப்படி ஒரு மரம் போல விரித்துக் காட்டுகிறது. ஒரு ஃபைலைக் கேட் கொடுத்துப் படித்தால் நீங்கள் கெர்னலிடம் கேள்வி கேட்கிறீர்கள். எக்கோ கொடுத்து அதில் எழுதினால் கட்டளை இடுகிறீர்கள். 4096 பைட் என்று எல்எஸ் காட்டுவது வெறும் பெயரளவுக்குத்தான்.

இங்கே "நிச்சயமாகவா?" என்று திருப்பிக் கேட்க யாரும் இல்லை. டெலீட் என்ற ஃபைலில் 1 எழுதிய நொடியில் டிஸ்க் போய்விடும். அன்டூ கிடையாது, குப்பைத்தொட்டியும் கிடையாது. விஐ போன்ற எடிட்டரில் இவற்றைத் திறக்காதீர்கள். எடிட்டர் தற்காலிக ஃபைல் உண்டாக்கப் பார்க்கும், பெயர் மாற்றப் பார்க்கும், அதெல்லாம் இங்கே செல்லாது. படிக்கக் கேட், எழுத எக்கோ, அவ்வளவு போதும்.

"சூடோ போட்டும் பெர்மிஷன் டினைட் வருது அக்கா, ஏன்?"

மிக அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். "சூடோ எக்கோ 1, அப்புறம் அம்புக்குறி, அப்புறம் ஃபைல் பெயர்" என்று தட்டியிருப்பீர்கள். இதில் எக்கோ மட்டும்தான் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, ஓடுகிறது. அம்புக்குறியைக் கவனித்து ஃபைலைத் திறப்பது உங்கள் ஷெல், அது சாதாரண பயனராகவே இருக்கிறது. எக்கோ 1 கொடுத்து, பைப் போட்டு, சூடோ டீ என்று ஃபைல் பெயரைக் கொடுங்கள், சரியாகிவிடும்.

ரூட்டாக இருந்தும் மறுத்தால் காரணம் வேறு. கண்டெய்னருக்குள் இருந்தால் சிஸ் மரம் படிக்க மட்டுமே மவுண்ட் ஆகியிருக்கும், ஹோஸ்ட்டுக்குப் போய்த்தான் செய்ய வேண்டும். செக்யூர் பூட் உள்ள மெஷினில் கெர்னல் லாக்டவுன் நிலையில் இருந்தால், ஹார்டுவேரை நேரடியாகத் தொடும் சில வழிகள் ரூட்டுக்கும் மூடப்பட்டிருக்கும். "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்று வந்தால் அது அனுமதிப் பிரச்சினை அல்ல, யாரோ அந்தச் சாதனத்தைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். யாரென்று கண்டுபிடிக்காமல் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பதில் பயனில்லை.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன திறந்து வெச்சுக்கணும்?"

மூன்று சன்னல்கள். ஒன்றில் டிஎம்இஎஸ்ஜி கட்டளையை டபிள்யூ விருப்பத்தோடு ஓடவிடுங்கள், கெர்னல் பேசுவது அப்போதைக்கப்போது தெரியும். இரண்டாவது நீங்கள் வேலை செய்யும் ஷெல். அது டிமக்ஸுக்குள் இருக்க வேண்டும், நடுவில் இணைப்பு அறுந்தாலும் கட்டளை பாதியில் சாகாது. மூன்றாவது, சர்வரின் பிஎம்சி (சர்வருக்குள்ளேயே தனியாக ஓடும் சிறு கண்காணிப்புக் கணினி) வழியாக வரும் கன்சோல். ஐடிராக், ஐஎல்ஓ என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர். நெட்வொர்க் கார்டே போனாலும் அந்த வழி திறந்திருக்கும். அதற்குள் நுழையும் பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், கார்டு போன பிறகு அல்ல.

பேக்கப் இருக்கிறதா என்று நான் கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்பார்கள். கடைசியாக எப்போது அதிலிருந்து ஒரு ஃபைலை மீட்டுப் பார்த்தீர்கள் என்பதே என் கேள்வி.

"எஸ்டிபி டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு தெரியுது. ஆனா ரேக்ல அது எந்த டிஸ்க்?"

எல்லா விபரீதமும் பிறக்கும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் போவோம். எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை கெர்னல் டிஸ்க்குகளைக் கண்டுபிடித்த வரிசையில் வைத்த பெயர்கள். தட்டு எண்ணுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. "எஸ்டிபி-ன்னா ரெண்டாவது தட்டு" என்று ஊகித்து இழுத்ததால் உயிரோடிருந்த டிஸ்க் வெளியே வந்த கதைகள் நம் தொழிலில் ஏராளம்.

முதலில் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் சீரியல் எண்ணை எடுங்கள். எல்எஸ்பிஎல்கே-யிலும், டெவ் டிஸ்க் பை-ஐடி அடைவிலும் அதே எண் தெரியும். அந்த எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, அதன்பின் விளக்கை எரியவிடுங்கள். லெட்சிடிஎல் இருந்தால் லொக்கேட் என்று சொல்லி டிஸ்க்கின் பெயரைக் கொடுங்கள். இல்லையென்றால் சிஸ் கிளாஸ் என்க்ளோஷர் அடைவுக்குள் ஒவ்வொரு தட்டுக்கும் லொக்கேட் என்ற ஃபைல் இருக்கும், அதில் 1 எழுதலாம். எந்த விளக்கும் வேலை செய்யாத பழைய பெட்டியாக இருந்தால் டிடி கட்டளையால் அந்த டிஸ்க்கை மட்டும் படிக்கவிடுங்கள். ஆனால் வெளிச்செல்லும் இடம் டெவ் நல் ஆக இருக்கட்டும், உள்வரும் இடமும் வெளிச்செல்லும் இடமும் மாறிவிட்டால் டிஸ்க் அழியும். இடைவிடாமல் சிமிட்டும் விளக்குதான் உங்கள் டிஸ்க். அது படிக்கக்கூட முடியாமல் செத்துக் கிடந்தால் மற்ற எல்லாவற்றையும் படிக்கவிட்டு, எது சிமிட்டவில்லை என்று பார்க்கச் சொல்லுங்கள்.

போனில் பேசும்போது இன்னொன்று: தட்டு எண்கள் சில பெட்டிகளில் 0-விலும் சிலவற்றில் 1-லும் தொடங்கும். "மூணாவது" என்று சொல்லாதீர்கள். "தட்டில் என்ன எண் அச்சடித்திருக்கிறது? படியுங்கள்" என்று கேளுங்கள். டிஸ்க்கின் லேபிள் வெளியிலிருந்து தெரிந்தால் சீரியலின் கடைசி நான்கு எழுத்தை அவரைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி அவர் "ஆமா" என்பதைவிட, அவர் சொல்லி நீங்கள் சரிபார்ப்பது பலமடங்கு பாதுகாப்பு.

"சரி, எந்த டிஸ்க்னு தெரிஞ்சாச்சு. இப்ப எப்படி எடுக்கணும்?"

மேலிருந்து கீழாக வாருங்கள். ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகியிருந்தால் அன்மவுண்ட். மறுத்தால் எஃப்யூசர் அல்லது எல்எஸ்ஓஎஃப் கொடுத்து யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். லேஸி அன்மவுண்ட் செய்து தப்பிக்கப் பார்க்காதீர்கள், அது பெயரை மட்டும் மறைக்கும், பிடி அப்படியே இருக்கும். சாஃப்ட்வேர் ரெய்டில் (ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவு பிழைக்கும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்த தொகுப்பில்) இருந்தால் எம்டிஏடிஎம் கட்டளையில் முதலில் ஃபெயில், அடுத்து ரிமூவ். பிராக் எம்டிஸ்டாட் ஃபைலைப் படித்து, அந்தப் பெயர் பட்டியலில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதன்பின் சிஸ் பிளாக் எஸ்டிபி டிவைஸ் அடைவிலுள்ள டெலீட் ஃபைலில் 1 எழுதுங்கள். கேஷில் இருப்பதை டிஸ்க்குக்குள் தள்ளிவிட்டு கெர்னல் அதைக் கைவிடும். பல கன்ட்ரோலர்களில் சுழற்சியும் நிற்கும், சிலவற்றில் நிற்காது. அதனால் ரேக் முன் நிற்பவரிடம் கைப்பிடியைத் திறந்து ஓர் அங்குலம் மட்டும் வெளியே இழுத்து, அப்படியே அரை நிமிடம் விடச் சொல்லுங்கள். மின்னிணைப்பு விட்டுப்போய் டிஸ்க்குக்குள் சுழலும் வட்டுகள் சுற்றி அடங்கும். சுற்றும் டிஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பினால் அது மணிக்கட்டை எதிர்த்து முறுக்கும். நிஜமாகவே தடுமாறிக் கீழே போட்டுவிடுவார்கள். எஸ்எஸ்டிக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

என்விஎம்இ டிஸ்க் என்றால் டெலீட் கிடையாது, அது பிசிஐ சாதனம். அதன் வழி கீழே பிசிஐ கேள்வியில் வருகிறது.

"புது டிஸ்க் செருகியாச்சு, லினக்ஸ் கண்டுக்கவே இல்லை."

முதலில் டிஎம்இஎஸ்ஜி சன்னலைப் பாருங்கள். செருகியதும் அங்கே ஒரு வரிகூட அசையவில்லை என்றால் தட்டு முழுதாக உள்ளே போகாமல் இருக்கலாம், அழுத்திச் செருகச் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிஸ் கிளாஸ் ஸ்கசி ஹோஸ்ட் அடைவில் அந்தக் கன்ட்ரோலருக்குரிய ஸ்கேன் ஃபைலில் மூன்று கோடுகளை இடைவெளி விட்டு எழுதுங்கள்: கோடு, இடைவெளி, கோடு, இடைவெளி, கோடு. சேனல், டார்கெட், லன் மூன்றிலும் "எதுவானாலும் தேடு" என்று அர்த்தம். ஹார்டுவேர் ரெய்டு கார்டு நடுவில் இருந்தால் இது பலிக்காது. அந்தக் கார்டின் சொந்தக் கருவியில்தான் டிஸ்க்கைச் சேர்க்க வேண்டும்.

டிஸ்க் பழையதுதான், ஸ்டோரேஜ் பக்கத்தில் அதன் அளவை மட்டும் கூட்டியிருக்கிறார்கள் என்றால் ஸ்கேன் வேண்டாம். அதே டிஸ்க்கின் டிவைஸ் அடைவிலுள்ள ரீஸ்கேன் ஃபைலில் 1 எழுதினால் புது அளவு தெரியும்.

"எஸ்டிபி-யை எடுத்துட்டுப் புதுசு போட்டா எஸ்டிஎஃப்-னு வருது. தப்பா?"

தப்பில்லை. பழைய பெயரை யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால் கெர்னல் அடுத்த பெயரைக் கொடுக்கும். எஃப்எஸ்டேபிலும் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) ஸ்கிரிப்ட்டுகளிலும் கண்டுபிடித்த வரிசையைச் சாராத யூயூஐடி அல்லது பை-ஐடி பெயரை எழுதியிருந்தால் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

"ரெய்டு ரீபில்ட் ஆமை மாதிரி போகுது. நடுவுல லோட்ஷெடிங் வந்தா எல்லாம் போயிடுமா?"

புது டிஸ்க்கில் தரவைத் திரும்ப நிரப்புவதுதான் ரீபில்ட். அதன் வேகத்தை ஓட்டத்திலேயே மாற்றலாம். பிராக் சிஸ் டெவ் ரெய்டு அடைவில் ஸ்பீட் லிமிட் மின், ஸ்பீட் லிமிட் மேக்ஸ் என்று இரண்டு ஃபைல்கள். வழக்கமான மதிப்புகள் நொடிக்கு 1000 கிலோபைட், 200000 கிலோபைட். மெஷினில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தால் ரீபில்ட் குறைந்தபட்ச எண்ணை நோக்கி இறங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 டெராபைட் டிஸ்க் மேல் வரம்பில் போனால் ஏறக்குறைய 11 மணி நேரம், கீழ் வரம்பிலேயே கிடந்தால் 92 நாள். குறைந்தபட்சத்தை 50000 ஆக உயர்த்தினால் பயனர்கள் கொஞ்சம் தாமதத்தை உணர்வார்கள், ஆனால் ரீபில்ட் இரண்டு நாளுக்குள் முடியும். ரெய்டு ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது அந்தத் தாமதத்தைவிட முக்கியம் என்பது என் கருத்து.

2023-ல் லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) ஸ்டேஜ் 6 வரை போய் நாளுக்கு மூன்று நான்கு தடவை கரண்ட் போனதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் இருப்பது நியாயம்தான். டேட்டா சென்டரில் ஜெனரேட்டர் தாங்கும். அலுவலக அலமாரியில் யூபிஎஸ்ஸை நம்பி ஓடும் சர்வரில்தான் பிரச்சினை. மெஷினை முறையாக நிறுத்தினால், 1.x மெட்டாடேட்டா உள்ள ரெய்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். பட்டென்று நின்றால் ரைட்-இன்டென்ட் பிட்மேப் கைகொடுக்கும், எங்கெங்கே எழுத்து நடந்துகொண்டிருந்தது என்ற குறிப்பு அதில் இருப்பதால் அந்தப் பகுதிகளை மட்டும் சரிசெய்யும். பிட்மேப் இல்லையென்றால் ஓட்டத்திலேயே எம்டிஏடிஎம் குரோ விருப்பத்தில் சேர்க்கலாம், ஆனால் ரீபில்ட் நடக்கும்போது அல்ல, அதற்கு முன்போ பின்போ.

"டிஸ்க் நல்லா இருக்குன்னு ஸ்மார்ட் சொல்லுது, ஆனா கரண்ட் போய் வந்த பிறகு ரெய்டு அதை வெளியே தள்ளுது. எப்படி?"

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன்னைத் தானே பரிசோதித்துச் சொல்லும் அறிக்கை. அது நன்றாக இருந்தும் இப்படி நடந்தால், பெரும்பாலும் நேரக் கணக்கு பொருந்தாததுதான் காரணம். ஒரு செக்டர் படிக்கவராவிட்டால் கடையில் வாங்கும் சாதாரண டிஸ்க் ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டே இருக்கும். கெர்னலோ 30 நொடிதான் பொறுக்கும். அதன்பின் இணைப்பையே ரீசெட் செய்து, டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று முடிவு கட்டிவிடும். அப்படித்தான் ஒரே ஒரு செக்டருக்காக முழு டிஸ்க்கும் வெளியேறுகிறது.

ஸ்மார்ட்சிடிஎல்-இல் எஸ்சிடிஇஆர்சி என்ற அமைப்புக்கு 70, 70 என்று கொடுத்தால் டிஸ்க் 7 நொடியில் கைவிட்டுப் பிழையை ஒப்புக்கொள்ளும். ரெய்டு அந்த செக்டரை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டுத் திரும்ப எழுதிவிடும். பல டிஸ்க்குகளில் இந்த அமைப்பு மின்சாரம் போனதும் அழிந்துவிடுகிறது. "கரண்ட் வந்த பிறகுதான் இப்படி" என்று நீங்கள் சொன்னதற்கு அதுவே விடை. டிஸ்க் இந்த அமைப்பையே ஏற்கவில்லை என்றால் மறுபக்கத்தை மாற்றுங்கள்: சிஸ் பிளாக்கில் அந்த டிஸ்க்கின் டிவைஸ் அடைவிலுள்ள டைம்அவுட் ஃபைலில் 180 எழுதுங்கள். இரண்டுமே மெஷின் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் திரும்பச் செய்யவேண்டியவை. அதற்கான வழி பின்னால் வருகிறது.

"யூபிஎஸ் கொஞ்சம் கூட நேரம் தாங்கணும்னு பாதி சிபியூவை அணைச்சு வைக்கலாமா?"

அணைக்கலாம், ஆனால் எதிர்பார்த்த பலன் கிடைக்காது. சிஸ் டிவைசஸ் சிஸ்டம் சிபியூ அடைவில் ஒவ்வொரு கோருக்கும் ஆன்லைன் என்ற ஃபைல் உண்டு. 0 எழுதினால் அந்தக் கோரிலுள்ள வேலைகளும் இன்டரப்ட்டுகளும் பக்கத்துக் கோர்களுக்குப் போய்விடும். ஆனால் சும்மா இருக்கும் கோர் ஏற்கெனவே தூக்க நிலையில்தான் இருக்கிறது, அதை அணைப்பதால் கூடுதல் மிச்சம் சொற்பம். வேலையில் இருக்கும் மெஷினில் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான் பலன் தரும். இன்டெல் என்றால் இன்டெல் பிஸ்டேட் அடைவிலுள்ள நோ டர்போ ஃபைலில் 1 எழுதுங்கள். அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஸ்கேலிங் மேக்ஸ் ஃப்ரீக்வன்சியைக் குறையுங்கள். முன்னும் பின்னும் ஐபிஎம்ஐடூல் கட்டளையில் டிசிஎம்ஐ பவர் ரீடிங் எடுத்துப் பாருங்கள், எத்தனை வாட் இறங்கியது என்று மெஷினே சொல்லும்.

கோர் 0-க்கு மட்டும் ஆன்லைன் ஃபைல் காணவில்லை என்று சிலர் பதறுவார்கள். எக்ஸ்86 மெஷின்களில் அது வழக்கம்தான். கெர்னல் 6.5 முதல் அந்தக் கோரை அணைக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள்.

"ரேம் ஒண்ணு எரர் காட்டுது. அந்தப் பகுதியை ஆஃப்லைன் பண்ணிட்டுக் குச்சியைக் கழட்டலாமா?"

கழட்டவே கூடாது. முதல் பதிலில் சொன்ன வித்தியாசம் இங்கேதான் உயிர்நாடி. சிஸ் மரத்தில் மெமரி துண்டு துண்டாகத் தெரியும். ஒரு துண்டு சிறிய மெஷினில் 128 மெகாபைட், பெரிய மெஷினில் 2 கிகாபைட் வரை. அவற்றின் ஸ்டேட் ஃபைலில் ஆஃப்லைன் என்று எழுதலாம். ஆனால் ஒரு துண்டு ஒரே குச்சியில் இருப்பதில்லை, மெமரி கன்ட்ரோலர் முகவரிகளைப் பல குச்சிகளில் மாற்றி மாற்றிப் பரப்புகிறது. அதோடு, கெர்னலின் சொந்தப் பக்கங்கள் உள்ள துண்டு நகராது, கட்டளை பிஸி என்று திரும்பிவிடும்.

செய்யக்கூடியது வேறு. மெமரிப் பிழைகளை எண்ணும் ஈடாக் அடைவில் சிஇ கவுண்ட் ஃபைலைப் படித்து, திருத்தப்பட்ட பிழைகள் எந்தக் குச்சியில் கூடுகின்றன என்று பாருங்கள். பிழை ஒரே முகவரியில் வந்துகொண்டிருந்தால், மெமரி அடைவிலுள்ள சாஃப்ட் ஆஃப்லைன் பேஜ் ஃபைலில் அந்த முகவரியை எழுதினால் கெர்னல் அந்தப் பக்கத்திலுள்ளதை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு அதை ஒதுக்கிவைக்கும். ஓடும் புரோகிராம்களுக்கு எதுவும் தெரியாது. பக்கத்திலேயே ஹார்டு ஆஃப்லைன் பேஜ் என்று இன்னொரு ஃபைல் இருக்கும். அது அந்தப் பக்கத்தைப் பயன்படுத்தும் புரோகிராமையே கொன்றுவிடும், பெயரை இருமுறை படியுங்கள். இப்படிச் சமாளித்துக்கொண்டே வார இறுதிக்கு நேரம் வாங்கி, மெஷினை நிறுத்திக் குச்சியை மாற்றுங்கள்.

"ஒரு பிசிஐ கார்டு தொங்கிப்போச்சு. ரீபூட் பண்ணாம எழுப்ப முடியுமா?"

பல நேரம் முடியும், மென்மையான வழியிலிருந்து தொடங்குங்கள். எல்எஸ்பிசிஐ கொடுத்து முகவரியை எடுங்கள், 0000:03:00.0 என்பது போல இருக்கும். முதலில் டிரைவர் அடைவிலுள்ள அன்பைண்ட் ஃபைலில் அந்த முகவரியை எழுதி, பிறகு பைண்ட் ஃபைலில் எழுதிப் பாருங்கள். எழவில்லையென்றால் சாதனத்தின் அடைவில் ரீசெட் என்ற ஃபைல் இருக்கிறதா என்று பார்த்து 1 எழுதுங்கள். எல்லாக் கார்டுக்கும் அந்த ஃபைல் இருக்காது. கடைசியாக ரிமூவ் ஃபைலில் 1, பிறகு சிஸ் பஸ் பிசிஐ அடைவிலுள்ள ரீஸ்கேன் ஃபைலில் 1.

என்விஎம்இ டிஸ்க்கை எடுப்பதும் இந்த ரிமூவ் வழியில்தான். ஸ்லாட் அடைவில் பவர் என்ற ஃபைல் இருந்தால் அதில் 0 எழுதுவது இன்னும் நல்லது, மின்சாரமும் நிற்கும். டிஸ்க்குகளுக்குச் சொன்ன சீரியல் சரிபார்ப்பும் மேலிருந்து கீழான வரிசையும் இதற்கும் அப்படியே பொருந்தும்.

"ரீஸ்கேன் பண்ணேன். கார்டு எல்எஸ்பிசிஐ-ல தெரியுது, டிரைவர் மட்டும் ஏறலை."

டிஎம்இஎஸ்ஜியில் "நோ ஸ்பேஸ் ஃபார்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் முகவரி இடம் தேவை. பூட் ஆகும்போது காலியாக இருந்த ஸ்லாட்டுக்கு பயாஸ் போதிய இடம் ஒதுக்கியிருக்காது, பெரிய கார்டு வந்தால் இடிக்கும். கெர்னல் அளவுருக்களில் பிசிஐ ரீஅலாக் கொடுத்தால் சில மெஷின்களில் தீரும், ஆனால் அதற்கும் ஒரு ரீபூட் வேண்டும். இந்த இடத்தில் ஓட்டத்திலேயே முடித்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நேரம் குறித்து ரீபூட் செய்வதே சரி.

"நான் எந்த நெட்வொர்க் கார்டு வழியா உள்ளே வந்திருக்கேனோ அதையே மாத்தணும். இணைப்பு அறுந்தா?"

அறுபடும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். ரிமூவையும் ரீஸ்கேனையும் தனித்தனியாகத் தட்டினால் இரண்டாவதைத் தட்ட நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். இரண்டையும் நடுவில் ஐந்து நொடித் தூக்கத்தோடு ஒரே ஸ்கிரிப்டில் எழுதி டிமக்ஸுக்குள் ஓடவிடுங்கள்.

வேகம், எம்டியூ, பாண்ட் போன்ற மாற்றங்களுக்குத் திரும்பும் கட்டளையை முதலில் ஏவிவிடுங்கள்: "இரண்டு நிமிடம் பொறு, பிறகு பழைய மதிப்புக்கே மாற்று" என்று ஒரு ஸ்கிரிப்ட். அது பின்னணியில் ஓடத் தொடங்கிய பிறகுதான் மாற்றத்தைச் செய்ய வேண்டும். புதிய அமைப்பில் உள்ளே வர முடிந்தால் அந்த ஸ்கிரிப்டைக் கொன்றுவிடலாம், முடியாவிட்டால் இரண்டு நிமிடத்தில் பழைய நிலை தானாகத் திரும்பும். எந்த போர்ட்டில் கேபிள் இருக்கிறது என்று ரேக் பக்கம் நிற்பவருக்குக் காட்ட ஈத்டூலின் பி விருப்பம் உதவும், அந்தப் போர்ட்டின் விளக்கு சிமிட்டும்.

"எஸ்ஆர்ஐஓவி நம்வீஎஃப்எஸ் ஃபைல்ல 4 இருக்கு, 8 எழுதினா பிஸி-ன்னு வருது."

ஒரே நெட்வொர்க் கார்டைப் பல மெய்நிகர் கார்டுகளாகப் பிரித்து விஎம்களுக்கு (மெய்நிகர் மெஷின்களுக்கு) கொடுக்கும் எண்ணிக்கை அந்த ஃபைலில் இருக்கிறது. முதலில் 0 எழுதி, பிறகு 8 எழுதுங்கள். 0 எழுதும் நொடியில் பழைய நான்கும் மறையும், அவற்றைப் பிடித்திருக்கும் விஎம்களை அதற்கு முன்பே விடுவித்துவிடுங்கள்.

"செஞ்சதெல்லாம் ரீபூட்டுக்கு அப்புறம் காணோம்!"

சிஸ், பிராக் இரண்டிலும் எழுதுவது நினைவில் மட்டுமே நிற்கும். நிலையாக வேண்டியதை அதற்குரிய இடத்தில் எழுதுங்கள்: பிராக் சிஸ் மதிப்புகளுக்கு சிஸ்சிடிஎல் டி அடைவு, குறிப்பிட்ட சாதனம் தோன்றும்போதெல்லாம் செய்யவேண்டியதற்கு யூடெவ் விதி, மற்ற சிஸ் ஃபைல்களுக்கு சிஸ்டம்டியின் டெம்ப்ஃபைல்ஸ் டி. மேலே சொன்ன டிஸ்க் டைம்அவுட்டுக்கும் எஸ்சிடிஇஆர்சிக்கும் யூடெவ்தான் பொருத்தம், ஏனென்றால் பூட்டின்போது மட்டுமல்ல, நடுவில் மாற்றிய டிஸ்க்குக்கும் அது பொருந்தும்.

ஆனால் முதல் நாளே நிலையாக எழுதிவிடாதீர்கள். நினைவில் மட்டும் நிற்பது ஒரு பாதுகாப்பும்கூட. சில நாள் ஓடவிட்டு, சிக்கல் இல்லையென்றால் எழுதுங்கள்.

"செட்பிசிஐ, ஐ2சி செட் கட்டளையெல்லாம் இன்னும் பவர்ஃபுல்னு சொல்றாங்க. பழகிக்கலாமா?"

அவற்றை நான் யாருக்கும் போனில் சொல்லித்தருவதில்லை. சிஸ் ஃபைலில் எழுதும்போது கெர்னலின் டிரைவர் நடுவில் நின்று தவறான மதிப்பைப் பெரும்பாலும் மறுத்துவிடும். செட்பிசிஐயும் ஐ2சி செட்டும் சிப்பின் ரெஜிஸ்டரையே நேராகத் தொடுபவை, நடுவில் யாரும் இல்லை.

சேதம் நினைவோடு முடிவதும் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் சில திங்க்பேட் மடிக்கணினிகளில் சென்சார் தேடும் கருவியை ஓட்டியதும் ஈஈப்ராம் கெட்டு, மெஷின் பூட் ஆகாமலே போனது. 2008-ல் கெர்னல் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளில் கெர்னலின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் ஃப்ட்ரேஸ் வசதியிலிருந்த ஒரு பிழை, இ1000இ நெட்வொர்க் கார்டுகளின் நிலைநினைவின் மேல் எழுதிக் கார்டுகளைச் செயலிழக்க வைத்தது. 2016-ல் ரூட் அடைவை அழிக்கும் கட்டளை, ஃபர்ம்வேரின் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் இஎஃப்ஐ மாறிகளையும் சேர்த்து அழித்ததால் சில மடிக்கணினிகள் திரும்ப எழவே இல்லை. அதன்பின்தான் கெர்னல் 4.5 அந்த மாறிகளை எளிதில் அழிக்க முடியாதபடி பூட்டியது. இப்படிப்பட்ட சேதத்துக்கு ரீபூட் மருந்தல்ல. தயாரிப்பாளரின் ஆவணத்தில் அந்த ரெஜிஸ்டரின் பெயரும் மதிப்பும் எழுதியிருந்தால், அதையும் உதிரி மெஷினில் முதலில் பார்த்துவிட்டு, செய்யுங்கள்.

"எல்லாம் குழம்பி, ரீபூட் கட்டளையே தொங்குது. ரேக் பக்கம் ஆளும் இல்லை."

ஏதோ ஒரு புரோகிராம் பதில் வராத டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கிறது, சிஸ்டம்டி அதற்காகக் காத்துக் கிடக்கிறது. பிராக் அடைவிலுள்ள சிஸ்ஆர்க்யூ ட்ரிகர் ஃபைலில் ஒவ்வொரு எழுத்தாக எழுதுங்கள். முதலில் எஸ், அது எல்லா ஃபைல் சிஸ்டத்தையும் டிஸ்க்குக்கு எழுதச் சொல்லும். டிஎம்இஎஸ்ஜியில் "எமர்ஜென்சி சிங்க் கம்ப்ளீட்" வருகிறதா என்று பாருங்கள். கெட்ட டிஸ்க் காரணமாக அது வராமலே போகலாம், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டாவது யூ, எல்லாவற்றையும் படிக்க மட்டும் என்று மாற்றும். மூன்றாவது பி, அந்த நொடியிலேயே ரீபூட். முதல் இரண்டை விட்டுவிட்டு நேராகப் பி எழுதுவது பவர் வயரைப் பிடுங்குவதற்குச் சமம்.

கெர்னல் டாட் சிஸ்ஆர்க்யூ மதிப்பு 0 ஆக இருப்பதால் இது நடக்காது என்று சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த மதிப்பு விசைப்பலகை வழியாக வரும் கட்டளைக்கு மட்டுமே தடை. ரூட்டாக இந்த ஃபைலில் எழுதுவதை அது தடுக்காது. ஷெல்லே கிடைக்கவில்லை என்றால் நான்காம் கேள்வியில் திறந்துவைத்த பிஎம்சி இருக்கிறது. ஐபிஎம்ஐடூலில் முதலில் செல் லிஸ்ட் எடுத்து ஹார்டுவேர் பதிவேட்டைச் சேமித்துக்கொண்டு, அதன்பின் சேசிஸ் பவர் சைக்கிள் கொடுங்கள்.